இயக்கக் கட்டுப்பாட்டு மாட்யூல் தேர்வு: முக்கியக் குறிப்புகள்

அடிப்படை வரையறைகள்

- இயக்கக் கட்டுப்பாடு: இயந்திரப் பகுதியின் இடநிலை, திசைவேகம், முடுக்கம், திருப்புவிசை ஆகியவற்றைக் குறித்த நேரத்தில் குறித்த அளவில் நிறுத்தும் தானியங்கித் தொழில்நுட்பம்.
- அச்சு: தனியே கட்டுப்படுத்தப்படும் ஒரு இயக்கம். ஒரு மோட்டார், ஒரு டிரைவ், ஒரு பின்னூட்டம் சேர்ந்தது பொதுவாக ஓர் அச்சு.
- இயக்கக் கட்டுப்பாட்டு மாட்யூல்: பிஎல்சியின் (நிரல்படுத்தத்தக்க தருக்கக் கட்டுப்படுத்தி) பின்தளத்தில் செருகப்படும் சிறப்பு மாட்யூல். தனிச் செயலி கொண்டது. இயக்கப் பாதையைக் கணித்து டிரைவுக்குக் கட்டளை அனுப்புவது இதன் பணி.
- டிரைவ் அல்லது சர்வோ ஆம்ப்ளிஃபயர்: கட்டளையை மோட்டாருக்கான மின்னோட்டமாக மாற்றும் கருவி.
- திறந்த சுற்று: பின்னூட்டம் இல்லாதது. எ.கா: சாதாரண ஸ்டெப்பர் மோட்டார்.
- மூடிய சுற்று: பின்னூட்டம் உள்ளது. எ.கா: சர்வோ மோட்டார்.
- பகுதிறன்: அளக்க அல்லது நகர்த்த முடியும் மிகச் சிறிய அளவு.
- துல்லியத்தன்மை: உண்மை மதிப்புக்கு உள்ள நெருக்கம்.
- மீள்திறன்: ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருவதில் உள்ள நெருக்கம்.
- பகுதிறன் உயர்ந்தால் துல்லியத்தன்மையும் உயரும் என்பது தவறு. திருகின் பிழை, பின்னடிப்பு, வெப்ப விரிவு ஆகியவை துல்லியத்தன்மையைக் குறைப்பவை.
- தேர்வின் அடிப்படை விதி: அச்சின் தேவை முதலில், மாட்யூல் கடைசியில்.

மைல்கற்கள்: ஆண்டும் நிகழ்வும்

- 1788: ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சின் கவர்னர். தொழில்துறையில் பின்னூட்டக் கட்டுப்பாட்டின் தொடக்கக்கால எடுத்துக்காட்டு.
- 1868: ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், கவர்னர்களின் நிலைப்புத்தன்மை பற்றிய ஆய்வுக் கட்டுரை.
- 1873: ஜோசப் ஃபார்கோ, சர்வோ மோட்டார் பற்றிய பிரெஞ்சு நூல். கப்பல் சுக்கான் இயக்கத்துக்கான நீராவிக் கருவி.
- 1922: நிக்கோலஸ் மினோர்ஸ்கி, பிஐடி (விகித, தொகையீட்டு, வகையீட்டு) கட்டுப்பாட்டின் கணிதப் பகுப்பாய்வு. களம்: கப்பல் திசைதிருப்பம்.
- 1929: ராபர்ட் பார்க், பார்க் உருமாற்றம்.
- 1932: ஹாரி நைக்விஸ்ட், நிலைப்பு நிபந்தனை.
- 1934: ஹெரால்டு ஹேசன், சர்வோ அமைப்புகளின் கோட்பாடு.
- 1942: சீக்லர், நிக்கோல்ஸ்: பிஐடி அளவுருக்களைச் சரிசெய்யும் முறை.
- 1952: மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் சர்வோ ஆய்வகம், எண்வழிக் கட்டுப்பாட்டு மில்லிங் இயந்திரச் செயல்விளக்கம். கருத்தின் முன்னோடி: ஜான் பார்சன்ஸ்.
- 1961: யூனிமேட், உலகின் முதல் தொழிற்சாலை ரோபோ. பணியிடம்: ஜெனரல் மோட்டார்ஸ், நியூ ஜெர்சி. கண்டுபிடிப்பாளர்: ஜார்ஜ் டெவோல். தொழில்முனைவர்: ஜோசப் எங்கெல்பெர்கர்.
- 1968: ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, ரிலே பலகைகளுக்கு மாற்று கோரிய விவரக்குறிப்பு.
- 1969: மோடிகான் 084, முதல் பிஎல்சிகளுள் ஒன்று. உருவாக்கம்: பெட்ஃபோர்ட் அசோசியேட்ஸ். பிஎல்சியின் தந்தை: டிக் மோர்லி.
- 1969: மெகாட்ரானிக்ஸ் என்னும் சொல்லின் உருவாக்கம். டெட்சுரோ மோரி, யாஸ்காவா எலக்ட்ரிக், ஜப்பான்.
- 1971: ஃபெலிக்ஸ் பிளாஷ்கே, சீமென்ஸ்: புலம் சார்ந்த கட்டுப்பாடு. ஏசி மோட்டாரை டிசி மோட்டார் போலக் கட்டுப்படுத்தும் வழி.
- 1972: ஃபனுக், ஃபுஜித்சுவிலிருந்து தனி நிறுவனமாகப் பிரிவு. தலைமை: செயுவெமோன் இனாபா.
- 1978: ஸ்காரா ரோபோ. ஹிரோஷி மகினோ, யமனாஷி பல்கலைக்கழகம்.
- 1982: நியோடிமியம் காந்தம். மசாட்டோ சகாவா. சிறிய உருவில் மிகு திருப்புவிசை தரும் சர்வோ மோட்டாருக்கான அடிப்படை.
- 1992: பிஎல்சிஓப்பன் அமைப்பின் தொடக்கம்.
- 1993: பிஎல்சி நிரல் மொழித் தரநிலை ஐஇசி 61131-3, முதல் பதிப்பு.
- 1995: செர்கோஸ் வலையமைப்பு, ஐஇசி 61491 தரநிலை.
- 2001: பிஎல்சிஓப்பன் இயக்கக் கட்டுப்பாட்டுச் செயற்கட்டங்கள், பகுதி 1.
- 2003: ஈதர்கேட் வலையமைப்பு அறிமுகம். பெக்காஃப், ஜெர்மனி.

கட்டுப்பாட்டு வளையங்கள்

- மொத்தம் 3: மின்னோட்ட வளையம், திசைவேக வளையம், இடநிலை வளையம்.
- வரிசை உள்ளிருந்து வெளியே: மின்னோட்டம், திசைவேகம், இடநிலை.
- மிக வேகமானது: மின்னோட்ட வளையம். மிக மெதுவானது: இடநிலை வளையம்.
- மின்னோட்ட வளையத்தின் இடம்: பொதுவாக டிரைவ்.
- இடநிலை வளையத்தின் இடம்: டிரைவ் அல்லது மாட்யூல். மாட்யூல் வகையை முடிவு செய்யும் முதன்மைக் காரணி இதுவே.
- துடிப்பு வகை மாட்யூல்: இடநிலை வளையம் டிரைவில்.
- அனலாக் வகை மாட்யூல்: இடநிலை வளையம் மாட்யூலில்.
- வலையமைப்பு வகை: பயன்முறையைப் பொறுத்து இரண்டிலும் இயலும். பெரும்பாலும் டிரைவில்.
- பின்தொடர் பிழை: கட்டளை இடநிலைக்கும் உண்மை இடநிலைக்கும் உள்ள வேறுபாடு.
- சூத்திரம்: பின்தொடர் பிழை = திசைவேகம் ÷ இடநிலை வளையப் பெருக்கம்.
- எ.கா: வினாடிக்கு 500 மிமீ, பெருக்கம் வினாடிக்கு 50 எனில் பிழை 10 மிமீ.
- பிழையைக் குறைக்கும் வழி: முன்னூட்டம் (பிழை தோன்றும்வரை காத்திராமல் கட்டளையிலிருந்தே ஈடுசெய்தல்).

தேர்வின் வரிசை: 7 படிகள்

- படி 1: இயந்திர அமைப்பு. பந்துத் திருகு, பல்வார், பல்சட்டம், நேரியல் மோட்டார்.
- படி 2: இயக்க வடிவம். தூரம், நேரம், உச்ச வேகம், முடுக்கம்.
- படி 3: மோட்டாரும் பின்னூட்டமும். திருப்புவிசை, நிலைம விகிதம், என்கோடர் வகை.
- படி 4: அச்சுகளின் எண்ணிக்கையும் அவற்றுக்கு இடையிலான தொடர்பும்.
- படி 5: கட்டளை முறை. துடிப்பு, அனலாக், வலையமைப்பு.
- படி 6: சுழற்சி நேரமும் நடுக்கமும்.
- படி 7: பாதுகாப்பு, மென்பொருள், விரிவாக்க இடம்.
- மாட்யூலை முதலில் வாங்கிவிட்டு மோட்டாரைப் பொருத்துவது தலைகீழ் முறை. விளைவு: துடிப்பு அதிர்வெண் போதாமை, அச்சு பற்றாமை, டிரைவுடன் பொருந்தாமை.

அச்சுகளின் தொடர்பு: 4 நிலைகள்

- தனி அச்சு: ஒன்றையொன்று சாராத இயக்கம். எ.கா: குறியிடும் மேசை, தள்ளு கருவி.
- இன்டர்போலேஷன்: பல அச்சுகள் சேர்ந்து ஒரே பாதையை வரைதல். நேர்க்கோடு, வட்டவில், சுருள்வில் வடிவம்.
- வட்டவில்லுக்குத் தேவையான குறைந்தபட்ச அச்சுகள்: 2. சுருள்வில் வடிவத்துக்கு: 3.
- ஒத்திசைவு: தலைமை அச்சைத் தொடரும் அச்சுகள். மின்னணுக் கியர், மின்னணு கேம்.
- இயக்கவியல் உருமாற்றம்: ரோபோவின் மூட்டுக் கோணங்களுக்கும் கார்ட்டீசியன் ஆயங்களுக்கும் இடையிலான மாற்றம். எ.கா: ஸ்காரா, டெல்டா ரோபோ.
- தனி அச்சுக்குப் பிஎல்சியிலேயே உள்ள துடிப்பு வெளியீடு போதும்.
- இயக்கவியல் உருமாற்றத்துக்குத் தேவை: அந்த வசதி கொண்ட இயக்கக் கட்டுப்பாட்டுச் செயலி.

இயக்க வடிவங்கள்

- முக்கோண வடிவம்: முடுக்கம், எதிர்முடுக்கம் மட்டும். குறுந்தூரத்துக்கு ஏற்றது.
- சரிவக வடிவம்: முடுக்கம், சீர்வேகம், எதிர்முடுக்கம். மிகப் பரவலானது.
- எஸ் வளைவு: முடுக்கமும் படிப்படியாக மாறுவது. அதிர்வு குறைவு. கண்ணாடி, திரவம், உயர்ந்த கொள்கலன் கையாள ஏற்றது.
- ஜெர்க்: முடுக்கம் மாறும் வீதம். அலகு: மீட்டர்/வினாடி³.
- வகையீட்டு வரிசை: இடநிலை, திசைவேகம், முடுக்கம், ஜெர்க்.
- சரிவக வடிவத்தில் ஜெர்க் மூலைகளில் எல்லையற்றது. எஸ் வளைவில் வரம்புக்கு உட்பட்டது.
- அதே முடுக்க உச்சத்தில் எஸ் வளைவு கூடுதல் நேரம் எடுப்பது.

மனப்பாடம் செய்ய வேண்டிய சூத்திரங்கள்

- துடிப்பு அதிர்வெண் = (நிமிடச் சுற்றுகள் ÷ 60) × ஒரு சுற்றுக்கான துடிப்புகள்.
- ஒரு துடிப்புக்கான நகர்வு = திருகின் முன்னேற்றம் ÷ ஒரு சுற்றுக்கான துடிப்புகள்.
- சரிவக வடிவ மொத்த நேரம் = (தூரம் ÷ உச்ச வேகம்) + முடுக்க நேரம். நிபந்தனை: முடுக்க நேரமும் எதிர்முடுக்க நேரமும் சமம்.
- திருகில் பளுவின் நிலைமத் திருப்புத்திறன் = நிறை × (முன்னேற்றம் ÷ 2π)².
- கியர் வழியே மோட்டாரில் தெரியும் நிலைமம் = பளுவின் நிலைமம் ÷ (கியர் விகிதம்)².
- கியர் விகிதம் 5 எனில் நிலைமம் 25இல் 1 பங்கு.
- முடுக்கத் திருப்புவிசை = நிலைமத் திருப்புத்திறன் × கோண முடுக்கம்.
- நிலைம விகிதம் = பளுவின் நிலைமம் ÷ மோட்டாரின் நிலைமம். பரவலான வடிவமைப்பு வரம்பு: 10க்குள். இறுதி வரம்பு: மோட்டார் தயாரிப்பாளரின் அட்டவணை.
- மோட்டாரின் வெப்பத்தைத் தீர்மானிப்பது: திருப்புவிசையின் இருமடி மூலச் சராசரி. உச்சத் திருப்புவிசையை மட்டும் பார்ப்பது போதாது.

கட்டளை முறை 1: துடிப்பு

- துடிப்புகளின் எண்ணிக்கை குறிப்பது இடநிலை. துடிப்புகளின் அதிர்வெண் குறிப்பது திசைவேகம்.
- 3 வடிவங்கள்: துடிப்பும் திசையும், வலஞ்சுழித் துடிப்பும் இடஞ்சுழித் துடிப்பும், 90 பாகை கட்ட வேறுபாடு கொண்ட ஏ, பி துடிப்புகள்.
- 2 மின் வெளியீடுகள்: திறந்த கலெக்டர், வேறுபாட்டு லைன் டிரைவர்.
- திறந்த கலெக்டர்: எளிது, மலிவு, இரைச்சலுக்கு எளிதில் ஆட்படுவது, குறுகிய கம்பி.
- லைன் டிரைவர்: உயர் அதிர்வெண், இரைச்சல் எதிர்ப்பு, நீண்ட கம்பி. மின் தரநிலை: ஆர்எஸ்-422.
- எ.கா: மிட்சுபிஷி க்யூடி75பி: திறந்த கலெக்டர், உச்சம் வினாடிக்கு 2,00,000 துடிப்புகள், டிரைவ் வரை 2 மீட்டர்.
- எ.கா: மிட்சுபிஷி க்யூடி75டி: லைன் டிரைவர், உச்சம் வினாடிக்கு 10,00,000 துடிப்புகள், டிரைவ் வரை 10 மீட்டர்.
- நிறை: எந்தத் தயாரிப்பாளரின் ஸ்டெப்பர், சர்வோ டிரைவுடனும் பெரும்பாலும் பொருந்துவது.
- குறை: ஒரு வழித் தொடர்பு. டிரைவின் பிழைக் குறியீடு, திருப்புவிசை, வெப்பநிலை ஆகியவை மாட்யூலை எட்டாதவை.
- குறை: அச்சு கூடக் கூடக் கம்பிகளும் கூடும்.
- ஸ்டெப்பர் படிக் கோணம் 1.8 பாகை: சுற்றுக்கு 200 படிகள். 0.9 பாகை: 400 படிகள். 0.72 பாகை, 5 கட்ட மோட்டார்: 500 படிகள்.
- 200 படி மோட்டார், 16 மடங்கு நுண்படி: சுற்றுக்கு 3,200 துடிப்புகள். நிமிடத்துக்கு 600 சுற்றில் 32 கிலோஹெர்ட்ஸ்.

கட்டளை முறை 2: அனலாக்

- மின்னழுத்த வரம்பு: −10 வோல்ட் முதல் +10 வோல்ட் வரை.
- கூட்டல், கழித்தல் குறி காட்டுவது திசை. அளவு குறிப்பது திசைவேகம் அல்லது திருப்புவிசை.
- 16 பிட் மாற்றியில் ஒரு படி: 20 வோல்ட் ÷ 65,536 = சுமார் 0.305 மில்லிவோல்ட்.
- கட்டாயத் தேவை: என்கோடர் பின்னூட்டம் மாட்யூலுக்குத் திரும்பி வருதல்.
- பயன்: ஹைட்ராலிக் சர்வோ வால்வு, பழைய டிரைவுகள், சிறப்புக் கட்டுப்பாட்டு நெறிமுறைகள்.
- ஹைட்ராலிக் அச்சுக்கான பின்னூட்டம்: பெரும்பாலும் காந்தச்சுருக்க நேரியல் உணரி.
- குறை: பூச்சிய நகர்வு, இரைச்சல், அச்சுக்கு அச்சு தனிச் சரிசெய்தல்.
- எ.கா: ராக்வெல் 1756-எம்02ஏஇ: 2 அச்சு, அனலாக்.

கட்டளை முறை 3: வலையமைப்பு

- ஒரே கம்பியில் பல அச்சுகள். கட்டளையும் பின்னூட்டமும் இரு வழித் தொடர்பில்.
- டிரைவின் அளவுருக்களை மாட்யூல் வழியே எழுதலாம், படிக்கலாம்.
- 3 முக்கிய அளவுகள்: சுழற்சி நேரம், நடுக்கம், அச்சுகளின் உச்ச எண்ணிக்கை.
- சுழற்சி நேரம்: எல்லா அச்சுகளுக்கும் ஒரு முறை கட்டளை போய்ச்சேர எடுக்கும் கால அளவு.
- நடுக்கம்: சுழற்சி நேரத்தில் ஏற்படும் முன்பின் மாறுபாடு.
- வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் 1 மில்லிவினாடித் தாமதம் = 1 மிமீ. 1 மைக்ரோவினாடி = 1 மைக்ரோமீட்டர்.
- ஒத்திசைவைப் பெரிதும் கெடுப்பது நடுக்கம். நிலையான தாமதத்தை ஈடுசெய்யலாம். முன்கூட்டி அறிய முடியாத நடுக்கத்தை ஈடுசெய்ய இயலாது.

வலையமைப்புகள்: பெயர், உரியவர், எண்கள்

- ஈதர்கேட்: பெக்காஃப். 2003. சட்டகம் ஒவ்வொரு நிலையத்தையும் கடக்கும்போதே தரவு எடுப்பதும் இடுவதும். வேகம் வினாடிக்கு 100 மெகாபிட். ஒரு பிரிவில் உச்ச நிலையங்கள் 65,535. நேர ஒத்திசைவு: பகிர்ந்தமைந்த கடிகாரம். 100 சர்வோ அச்சுகளின் தரவுப் புதுப்பிப்பு 100 மைக்ரோவினாடியில்.
- செர்கோஸ் 1, 2: ஒளியிழை வளையம். செர்கோஸ் 3: ஈதர்நெட் அடிப்படை, குறைந்தபட்சச் சுழற்சி 31.25 மைக்ரோவினாடி, உச்ச நிலையங்கள் 511.
- புரோஃபிநெட் ஐஆர்டி: சீமென்ஸ் அமைப்புகளில் பரவல். குறைந்தபட்சச் சுழற்சி 31.25 மைக்ரோவினாடி. நடுக்கம் 1 மைக்ரோவினாடிக்குள். டிரைவ் விவரவடிவம்: புரோஃபிடிரைவ்.
- எஸ்எஸ்சிநெட் 3: மிட்சுபிஷி. ஒளியிழை. வினாடிக்கு 50 மெகாபிட்.
- எஸ்எஸ்சிநெட் 3/எச்: வினாடிக்கு 150 மெகாபிட். குறைந்தபட்சச் சுழற்சி 0.222 மில்லிவினாடி.
- சிசி-லிங்க் ஐஇ டிஎஸ்என்: வினாடிக்கு 1 கிகாபிட். விவரக்குறிப்பு வெளியீடு 2018.
- மெகாட்ரோலிங்க்: யாஸ்காவா. 2ஆம் தலைமுறை வினாடிக்கு 10 மெகாபிட், 3ஆம் தலைமுறை 100 மெகாபிட்.
- சிஐபி மோஷன்: ஈதர்நெட்/ஐபி வழி. அமைப்பு: ஓடிவிஏ. நேர ஒத்திசைவு: ஐஇஇஇ 1588.
- பவர்லிங்க்: பி அண்ட் ஆர், ஆஸ்திரியா. 2001.
- கேன்: ராபர்ட் பாஷ் நிறுவனம், 1986. வினாடிக்கு 1 மெகாபிட், 40 மீட்டர் வரை.
- ஐஇஇஇ 1588: துல்லிய நேர நெறிமுறை. முதல் பதிப்பு 2002, இரண்டாம் பதிப்பு 2008.
- ஐஇசி 61158: தொழிற்சாலைக் களவலைகளுக்கான தரநிலைத் தொகுதி.
- ஒளியிழையின் சிறப்பு: மின்காந்த இரைச்சல் தாக்காமை.

டிரைவ் விவரவடிவம்: சிஐஏ 402

- தொடக்கம்: கேன்ஓப்பன். இன்று ஈதர்கேட் டிரைவுகளிலும் பரவல். தரநிலைத் தொகுதி: ஐஇசி 61800-7.
- பொருள் எண் 6040: கட்டுப்பாட்டுச் சொல். 6041: நிலைச் சொல். 6060: பயன்முறை. 6064: உண்மை இடநிலை. நான்கும் பதினாறடிமான எண்கள்.
- பயன்முறை 1: தனி இடநிலை. 3: தனித் திசைவேகம். 6: ஹோமிங் (பூச்சியப் புள்ளியைக் கண்டறிதல்).
- பயன்முறை 8: சுழற்சி ஒத்திசை இடநிலை. 9: சுழற்சி ஒத்திசைத் திசைவேகம். 10: சுழற்சி ஒத்திசைத் திருப்புவிசை.
- பயன்முறை 1இல் பாதைக் கணிப்பு டிரைவில். பயன்முறை 8இல் பாதைக் கணிப்பு மாட்யூலில்.
- பல அச்சு ஒத்திசைவுக்கு உரியது: பயன்முறை 8.
- டிரைவை இயக்கநிலைக்குக் கொண்டுவரும் கட்டுப்பாட்டுச் சொல் வரிசை: 6, 7, 15.

பின்னூட்டக் கருவிகள்

- ஏறுமுக என்கோடர்: ஏ, பி, இசட் தடங்கள். மின்சாரம் போனால் இடநிலை இழப்பு. ஹோமிங் கட்டாயம்.
- தனிநிலை என்கோடர்: ஒவ்வொரு இடத்துக்கும் தனிக் குறியீடு. ஒருமுறை ஹோம் அமைத்தபின் மறு ஹோமிங் தேவையற்றது.
- ஒற்றைச் சுற்று வகை: ஒரு சுற்றுக்குள் இடநிலை. பல்சுற்று வகை: சுற்றுகளின் எண்ணிக்கையும் சேர்த்து. 12 பிட் பல்சுற்று = 4,096 சுற்றுகள்.
- ஏ, பி தடங்களின் கட்ட வேறுபாடு: 90 பாகை. திசை அறிவது இதனால்.
- இசட் தடம்: சுற்றுக்கு 1 துடிப்பு.
- நான்மடங்கு எண்ணிக்கை: 2,500 கோடுகள் × 4 = 10,000.
- கிரே குறியீடு: அடுத்தடுத்த எண்களில் 1 பிட் மட்டும் மாறுவது. ஃபிராங்க் கிரே, பெல் ஆய்வகம்.
- ரிசால்வர்: சைன், கொசைன் அனலாக் வெளியீடு. வெப்பம், அதிர்வு தாங்குவது.
- ஹால் உணரி: 3 எண்ணிக்கை, மின்கோண இடைவெளி 120 பாகை. பயன்: மோட்டார் கம்யூட்டேஷன்.
- என்கோடர் நெறிமுறைகளும் உரிய நிறுவனங்களும்: எண்டேட் (ஹைடன்ஹைன்), ஹைப்பர்ஃபேஸ் (சிக்), பிஸ் (ஐசி-ஹாவுஸ்).
- பிட் எண்கள்: 17 பிட் = 1,31,072. 20 பிட் = 10,48,576. 22 பிட் = 41,94,304. 24 பிட் = 1,67,77,216.
- மாட்யூல் வாங்குமுன் உறுதிசெய்ய வேண்டியது: என்கோடர் நெறிமுறை, மின்னழுத்த மட்டம், உச்ச எண்ணும் அதிர்வெண்.
- 2,500 கோடு என்கோடர், நிமிடத்துக்கு 3,000 சுற்று: தடத்துக்கு 125 கிலோஹெர்ட்ஸ். நான்மடங்கில் வினாடிக்கு 5,00,000 எண்ணிக்கை.
- முழு மூடிய சுற்று: மோட்டார் என்கோடருடன் பளுவின் மேல் நேரியல் அளவுகோலும் பின்னூட்டம் தருவது. திருகின் பிழையும் பின்னடிப்பும் திருத்தப்படுவது இதில்.

மின்னணுக் கியர், கேம், பதிவு உள்ளீடு

- மின்னணுக் கியர்: தலைமை அச்சுக்கும் தொடர் அச்சுக்கும் மாறாத விகிதம்.
- மின்னணு கேம்: தலைமை அச்சின் ஒவ்வொரு இடநிலைக்கும் தொடர் அச்சின் இடநிலை அட்டவணை. விகிதம் மாறிக்கொண்டே இருப்பது.
- மெய்நிகர்த் தலைமை அச்சு: மோட்டார் இல்லாத, கணிப்பில் மட்டும் உள்ள அச்சு. இரைச்சலற்ற தலைமைக் கட்டளை.
- ஓடுநிலை வெட்டி: நகரும் பொருளின் வேகத்தோடு சேர்ந்து நகர்ந்து வெட்டும் கருவி. குழாய், தகடு ஆலைகளில் பயன்.
- பதிவு உள்ளீடு: பொருளில் அச்சிடப்பட்ட குறியை உணரி கண்ட கணத்தின் இடநிலையை வன்பொருளே பிடித்துவைத்தல். பொட்டல இயந்திரங்களில் இன்றியமையாதது.
- வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் 1 மில்லிவினாடி பிஎல்சி வருடல்: 2 மிமீ பிழை. 1 மைக்ரோவினாடி வன்பொருள் பிடிப்பு: 2 மைக்ரோமீட்டர் பிழை.
- கட்டளை அலகை மாற்றும் மின்னணுக் கியர்: என்கோடர் 1,31,072, திருகு முன்னேற்றம் 5 மிமீ, கட்டளை அலகு 1 மைக்ரோமீட்டர் எனில் விகிதம் 1,31,072 ÷ 5,000 = 16,384 ÷ 625.

ஹோமிங்கும் எல்லைகளும்

- ஹோமிங்: இயந்திரத்தின் பூச்சியப் புள்ளியைக் கண்டறிதல்.
- பரவலான முறை: அண்மை ஸ்விட்சை அடைந்து வேகம் குறைத்து அடுத்த இசட் துடிப்பில் நிறுத்தம்.
- பிற முறைகள்: எல்லை ஸ்விட்ச், இயந்திரத் தடுப்பில் முட்டல், தனிநிலை என்கோடர் மதிப்பமைப்பு.
- வன்பொருள் எல்லை: ஸ்விட்ச் வழி. ஹோமிங்குக்கு முன்பும் செயல்படுவது.
- மென்பொருள் எல்லை: இடநிலை எண் வழி. ஹோமிங் முடிந்த பின்பே பொருளுடையது.
- எல்லை ஸ்விட்ச் இணைப்பு: வழக்கமாக மூடிய தொடர்பு. காரணம்: கம்பி அறுந்தாலும் நிறுத்தம் உறுதி.

மென்பொருள் தரநிலைகள்

- ஐஇசி 61131-3: பிஎல்சி நிரல் மொழிகள். முதல் பதிப்பு 1993, மூன்றாம் பதிப்பு 2013.
- முதல் பதிப்பின் 5 மொழிகள்: ஏணி வரைபடம், செயற்கட்ட வரைபடம், கட்டமைப்பு உரை, கட்டளைப் பட்டியல், வரிசைச் செயல் வரைபடம்.
- மூன்றாம் பதிப்பில் வழக்கொழிந்ததாகக் குறிக்கப்பட்டது: கட்டளைப் பட்டியல்.
- பிஎல்சிஓப்பன் செயற்கட்டங்களின் முன்னொட்டு: எம்சி.
- எம்சி_பவர்: டிரைவ் இயக்கநிலை. எம்சி_ஹோம்: ஹோமிங். எம்சி_ரீசெட்: பிழை நீக்கம்.
- எம்சி_மூவ்அப்சல்யூட்: பூச்சியப் புள்ளியிலிருந்து கணக்கிட்ட இடத்துக்கு. எம்சி_மூவ்ரிலேட்டிவ்: இருக்கும் இடத்திலிருந்து கணக்கிட்ட தூரத்துக்கு.
- எம்சி_கியர்இன்: மின்னணுக் கியர். எம்சி_கேம்இன்: மின்னணு கேம்.
- எம்சி_ஹால்ட்: மற்றோர் இயக்கக் கட்டளையால் இடைமறிக்கத்தக்க நிறுத்தம். எம்சி_ஸ்டாப்: கட்டளை நீங்கும்வரை வேறு இயக்கம் ஏற்காத நிறுத்தம்.
- அச்சின் நிலைகள் 8: முடக்கம், நிற்றல், ஹோமிங், நிறுத்தப்படல், தனி இயக்கம், தொடர் இயக்கம், ஒத்திசை இயக்கம், பிழை நிறுத்தம்.
- பிழை நிறுத்தத்திலிருந்து வெளியேறும் வழி: எம்சி_ரீசெட்.
- பகுதி 4: பல அச்சு ஒருங்கிணை இயக்கம். பகுதி 5: ஹோமிங். பகுதி 6: திரவ ஆற்றல்.

பாதுகாப்புத் தரநிலைகள்

- ஐஇசி 61800-5-2: டிரைவ்களின் செயற்பாட்டுப் பாதுகாப்பு.
- எஸ்டிஓ: திருப்புவிசைக்கான ஆற்றலைப் பாதுகாப்பாகத் துண்டித்தல். மோட்டார் தானே ஓடி நிற்பது.
- எஸ்எஸ்1: வேகம் குறைத்து நிறுத்தி, பின் எஸ்டிஓ.
- எஸ்எஸ்2: வேகம் குறைத்து நிறுத்தி, ஆற்றலுடன் இடநிலையைப் பிடித்துவைத்தல்.
- எஸ்எல்எஸ்: பாதுகாப்பு வேக வரம்பு. எஸ்பிசி: பாதுகாப்பு பிரேக் கட்டுப்பாடு.
- ஐஇசி 60204-1 நிறுத்த வகைகள் 3: வகை 0, வகை 1, வகை 2.
- பொருத்தம்: எஸ்டிஓ வகை 0. எஸ்எஸ்1 வகை 1. எஸ்எஸ்2 வகை 2.
- ஐஎஸ்ஓ 13849-1: செயல்திறன் மட்டங்கள் ஏ முதல் இ வரை, மொத்தம் 5.
- ஐஇசி 61508: பாதுகாப்பு ஒருமைப்பாட்டு மட்டங்கள் 4.
- செங்குத்து அச்சுக்கு எஸ்டிஓ மட்டும் போதாது. ஆற்றல் துண்டித்தால் பளு ஈர்ப்பால் கீழிறங்குவது. தேவை: பிடிப்பு பிரேக்.
- எஸ்டிஓ மின் தனிமைப்படுத்தல் ஆகாது. பழுது பார்க்கும்முன் முதன்மை ஸ்விட்சைத் துண்டிப்பது கட்டாயம்.

தயாரிப்பாளர் மாட்யூல்கள்: நினைவிற்கு

- சீமென்ஸ் எஸ்7-1200: உச்சம் 4 துடிப்பு வெளியீடுகள். பொதுவாக 100 கிலோஹெர்ட்ஸ். 1217சி மாதிரியில் 1 மெகாஹெர்ட்ஸ்.
- சீமென்ஸ் டிஎம் பிடிஓ 4: 4 தடங்கள். 24 வோல்ட்டில் 200 கிலோஹெர்ட்ஸ், ஆர்எஸ்-422இல் 1 மெகாஹெர்ட்ஸ்.
- சீமென்ஸ் எஸ்7-1500டி: கேம், இயக்கவியல் உருமாற்றம் கொண்ட செயலி.
- மிட்சுபிஷி க்யூடி75: 1, 2, 4 அச்சு வகைகள். அச்சுக்கு 600 இடநிலைத் தரவுகள்.
- மிட்சுபிஷி ஆர்டி77எம்எஸ்: 2, 4, 8, 16 அச்சு வகைகள். எஸ்எஸ்சிநெட் 3/எச்.
- ராக்வெல் 1756-எம்08எஸ்இ: 8 அச்சு, செர்கோஸ். 1756-எம்16எஸ்இ: 16 அச்சு, செர்கோஸ்.
- ஓம்ரான் என்ஜே501: உச்சம் 64 அச்சு. என்எக்ஸ்701: உச்சம் 256 அச்சு, குறைந்தபட்சச் சுழற்சி 125 மைக்ரோவினாடி. இரண்டும் ஈதர்கேட்.
- பெக்காஃப் டுவின்கேட்: 1996. கணினி அடிப்படைக் கட்டுப்பாடு. தனி மாட்யூல் இன்றி மென்பொருளே இயக்கக் கட்டுப்பாட்டுக் கருவி.

மாதிரிக் கணக்கு

- தரவு: 3 அச்சு எடுத்துவைக்கும் இயந்திரம். திருகு முன்னேற்றம் 10 மிமீ. நகரும் நிறை 50 கிலோ. தூரம் 300 மிமீ. உச்ச வேகம் வினாடிக்கு 500 மிமீ. முடுக்க நேரம் 0.1 வினாடி. பகுதிறன் 1 மைக்ரோமீட்டர். கம்பி நீளம் 8 மீட்டர். நேர்க்கோட்டு இன்டர்போலேஷன் தேவை.
- மொத்த நேரம்: (300 ÷ 500) + 0.1 = 0.7 வினாடி.
- மோட்டார் வேகம்: 500 ÷ 10 = வினாடிக்கு 50 சுற்று = நிமிடத்துக்கு 3,000 சுற்று.
- முடுக்கம்: 0.5 ÷ 0.1 = 5 மீட்டர்/வினாடி².
- பளுவின் நிலைமத் திருப்புத்திறன்: 50 × (0.01 ÷ 2π)² = சுமார் 0.000127 கிலோ மீட்டர்².
- பளுவுக்கான முடுக்கத் திருப்புவிசை: 50 × 5 × 0.01 ÷ 2π = சுமார் 0.4 நியூட்டன் மீட்டர். உராய்வு, திருகின் நிலைமம், மோட்டாரின் நிலைமம் தனியே கூட்டுக.
- சுற்றுக்கான துடிப்புகள்: 10 மிமீ ÷ 0.001 மிமீ = 10,000.
- துடிப்பு அதிர்வெண்: 50 × 10,000 = 500 கிலோஹெர்ட்ஸ்.
- திறந்த கலெக்டர், 200 கிலோஹெர்ட்ஸ், 2 மீட்டர்: இரு நிபந்தனையிலும் தோல்வி.
- லைன் டிரைவர், 1 மெகாஹெர்ட்ஸ், 10 மீட்டர்: இரு நிபந்தனையிலும் பொருத்தம்.
- விடை: 4 அச்சு லைன் டிரைவர் துடிப்பு மாட்யூல். 1 அச்சு விரிவாக்கத்துக்கு மிச்சம்.
- அதே இயந்திரம் 12 அச்சாகி கேம் ஒத்திசைவும் சேர்ந்தால் விடை மாறும்: வலையமைப்பு மாட்யூல்.

நிபந்தனையும் விடையும்

- 1 அல்லது 2 தனி அச்சு, குறைந்த வேகம்: பிஎல்சியின் உள்ளமைந்த துடிப்பு வெளியீடு.
- 4 அச்சு வரை, 2 மீட்டருக்கு மேல் கம்பி, எளிய இன்டர்போலேஷன்: லைன் டிரைவர் துடிப்பு மாட்யூல்.
- ஹைட்ராலிக் அச்சு: அனலாக் மாட்யூல்.
- 4க்கு மேல் அச்சு, கேம், கியர்: வலையமைப்பு மாட்யூல்.
- பொட்டலம், அச்சிடல்: பதிவு உள்ளீடு கொண்ட வலையமைப்பு மாட்யூல்.
- ரோபோ இயக்கவியல்: உருமாற்ற வசதி கொண்ட இயக்கச் செயலி.
- இரைச்சல் மிகுந்த ஆலை, வெல்டிங் கூடம்: ஒளியிழை வலையமைப்பு.
- பல தயாரிப்பாளர் டிரைவுகள்: திறந்த நெறிமுறை, சிஐஏ 402, பிஎல்சிஓப்பன்.
- மின்வெட்டு மிகுந்த இடம்: தனிநிலை என்கோடரை ஆதரிக்கும் மாட்யூல்.
- செங்குத்து அச்சு: பிடிப்பு பிரேக், எஸ்எஸ்1, எஸ்பிசி.
- கண்ணாடி, திரவம்: ஜெர்க் வரம்பு கொண்ட எஸ் வளைவு வசதி.